கடலில் கட்டினால் கேட்பார்கள், தரையில் கட்டினால்?

மெரினாவில் கருணாநிதிக்குப் பேனா நினைவுச் சின்னம் வேண்டுமா என்று கேட்க 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் கூட்டம் போட்டார்கள். கூச்சலில் முடிந்தது. கட்டினால் உடைப்பேன் என்று நாம் தமிழர் கட்சியின் சீமான் சவால் விட்டார். 81 கோடி செலவையும் 134 அடி உயரத்தையும் அலசிய எவரும், இப்படியொரு கூட்டம் ஏன் நடந்தது என்று யோசிக்கவில்லை.

பேனா கடலுக்குள் வருவதாக இருந்தது, அதனால் நடந்தது. அதையே அண்ணா சாலையில் நட்டிருந்தால் உங்களையும் என்னையும் யார் கூப்பிட்டிருப்பார்கள்? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். 20,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடிக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடங்கள், நகரியங்கள் அடங்கிய எட்டாம் இனம் முழுவதற்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு! சுரங்கத்துக்குக் கேட்பார்கள், ஊரின் முகத்தையே மாற்றும் கட்டடத்துக்குக் கேட்க மாட்டார்கள். பல ஆண்டுகளாக இதையே சொல்கிறேன். நான் '20,000' என்று ஆரம்பித்தாலே நண்பர்கள் காபிக்கு எழுந்துவிடுகிறார்கள்.

கேட்காமல் வரைந்த படங்களின் கதியைப் பாருங்கள். 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்ட 2003இல் ஜெயலலிதா அரசு கிளம்பியது. மாணவிகள் நகர மறுத்தார்கள். திட்டம் காகிதத்தோடு போயிற்று. அடுத்து கோட்டூர்புரம். அதுவும் எழவில்லை. பிறகு ஓமந்தூரார் தோட்டத்தில், ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பில், கருணாநிதி கட்டியே விட்டார். 2010 திறப்பு விழாவுக்குள் குவிமாடம் முடியவில்லை. கலை இயக்குநர் தோட்டா தரணி சினிமா செட் போட்டுச் சமாளித்தார். மறு ஆண்டு ஆட்சி மாறியது, செயலகம் மருத்துவமனையாயிற்று. அந்தச் செயலகத்துக்காக இடித்து, பின்னால் புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கில்தான் பேனாவுக்கு நம்மிடம் கருத்துக் கேட்டார்கள்!

வடிவமைப்பை ஓட்டுக்கு விடலாமா, அறுவை சிகிச்சைக்கு நோயாளியிடம் யோசனை கேட்பார்களா என்கிறார்கள் கட்டடக் கலைஞர்கள். கேட்பார்கள் ஐயா, கையெழுத்தும் வாங்குவார்கள். கேட்டால் தாமதமாகும் என்பவர்கள் மும்பைக்கு ரயில் ஏறட்டும். அரபிக் கடலில் சிவாஜி நினைவகத்துக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் பிரதமர் பூஜை போட்டார். இன்றும் அங்கே அலைதான் இருக்கிறது.

மக்களைக் கேட்டிருந்தால் இந்த மாநிலத்தில் ஒரு செயலகம்கூட வீணாகியிருக்காது. ராணி மேரிக் கல்லூரிப் போராட்டத்தில் உள்ளே நுழைந்ததற்காகக் கைதானவர்தான் 2021இல் முதல்வரானார். அரசின் பெரிய கட்டடம் எதுவானாலும் டெண்டருக்கு முன் அதன் மாதிரியை மூன்று மாதம் ஊர் பார்க்க வைக்க வேண்டும் என்று மாநில அரசு ஓர் அரசாணை போடட்டும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.