நல்லாசிரியர் பட்டியலில் இல்லாதவர்கள்

செப்டம்பர் 5 வந்தால் நல்லாசிரியர் விருதுகள் அறிவிக்கப்படும். நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டியவரை மேடையேற்றுவதில் நமக்குத் தயக்கமே இல்லை. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் இடையில் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாமல், அது டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016 சட்டம்தான் அதைச் சேர்த்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் வேலையைத் தொடங்கிவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் இன்று இருக்கின்றன. ஆனால் சான்றிதழுக்கு அலையும் பெற்றோருக்கு வழிகாட்டி, 'இது ஏமாற்று வேலை' என்று முகம் சுளிக்கும் சக ஆசிரியரையும் சமாளித்து அவற்றை வாங்கித் தருவது பெரும்பாலும் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்தான். இதுவும் தலைமைதான்; தலைமை என்பது தலைமையாசிரியர் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. தொடக்கப்பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் ஒன்றிய அரசே அறிவித்தது. இங்கோ அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பல பள்ளிகளுக்கு ஒருவரே அலைகிறார். பொன்னாடையை இவர்களுக்கும் போர்த்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் பணி நிரந்தர ஆணையைக் கையில் கொடுங்கள்.