வலிப்பு எங்கே பிறக்கிறது?

சென்ற மாதம் ஓட்டப்பிடாரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். மூத்த மகளுக்கு வயது 17. ஐந்து ஆண்டுகளாக அவளை வலிப்பு நோய் வாட்டி வருகிறது. இருவகை மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டும் மாதத்தில் மூன்று நான்கு முறை வந்துவிடுகிறது. பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலத்தில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் வேண்டியிருக்கிறார்கள். "இது காற்றுக் கருப்பு, மந்திரிக்க வேண்டும்" என்று உறவினர் சிலர் நெருக்குகிறார்கள். பெண்ணை நாளை யார் மணப்பார் என்ற அச்சத்தால் நோயை ஊராருக்கு மறைத்தும் வருகிறார்கள்.

"விழுவதற்குமுன் பிள்ளை என்ன செய்வாள்?" என்று தாயாரிடம் கேட்டோம். "வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பாள். பிறகு கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கும். வாயைச் சப்புக்கொட்டுவாள். கை பாவாடையைப் பிசைந்துகொண்டே இருக்கும். குழந்தையாய் இருந்தபோது காய்ச்சலில் நெடுநேரம் வலிப்பு வந்தது. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை" என்றார் அந்த அம்மையார்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தத் தாய் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மருத்துவருக்குப் பொன்னானது. ஏனெனில் அவை நோய் பிறக்கும் இடத்தைச் சுட்டுகின்றன.

நமது மூளையின் உயிரணுக்கள் சிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஓரிடத்து அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் துடித்தெழும்போது வலிப்பு தோன்றுகிறது. கையை இயக்கும் பகுதியில் அது தொடங்கினால் கை வெட்டும். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள பகுதியில் தொடங்கினால் மேலே கண்ட அடையாளங்கள் தோன்றலாம். வலிப்பு நோயாளர் மூவரில் இருவருக்கு மாத்திரைகளே போதும். தக்க மருந்துகள் இரண்டு பயன் தராதபோதுதான் ஊற்றுக்கண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

இத்தேடல் நம் நாட்டுக்குப் புதியதன்று. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி, 1952ஆம் ஆண்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வலிப்புக்கான முதல் இந்திய அறுவைச் சிகிச்சையைச் செய்தார். மூளையின் மின்துடிப்பைத் தாளில் வரையும் இ.இ.ஜி. முறையை ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் கண்டிருந்தார். ஆனால் மூளையின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும் படக்கருவி அன்று இல்லை. சி.டி. ஸ்கேன் 1971இல்தான் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. அதன் பின்னரே வந்தது.

இன்று எம்.ஆர்.ஐ. படம் மூளையின் சிறு தழும்பையும் காட்டவல்லது. பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் நினைவாற்றலுக்குத் துணைபுரியும் ஓர் உறுப்பு உண்டு. நம் மன்னார் வளைகுடா மீனவர் வலையில் சிக்கும் கடற்குதிரையை ஒத்திருப்பதால் அப்பெயரையே மேனாட்டார் அதற்கு இட்டனர். குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்த சிலருக்கு அவ்வுறுப்பு பின்னாளில் சுருங்கித் தழும்பேறியிருப்பது படத்தில் தெரியும்.

எம்.ஆர்.ஐ. ஒன்றும் காட்டாவிடில் வேறு வழிகளும் உள்ளன. வலிப்பு இல்லாத வேளையில் நோயுற்ற பகுதி சர்க்கரையைக் குறைவாகவே ஏற்கும். பெட் ஸ்கேன் அதைக் காட்டும். வலிப்பின்போதோ அவ்விடத்தில் குருதி மிகுந்து பாயும். உடனே ஊசிமருந்து செலுத்தி ஸ்பெக்ட் படத்தில் அதைக் காணலாம். நோயாளியைச் சில நாள் மருத்துவமனையில் தங்கவைத்து, இ.இ.ஜி.யையும் அசைவுகளையும் ஒருங்கே பதிவுசெய்வதும் உண்டு. இவையனைத்தும் ஓரிடத்தையே சுட்டினால், பேச்சுக்கும் நினைவுக்கும் ஊறு நேராது என்று ஆய்ந்த பின்னரே அறுவையைப் பற்றி முடிவெடுப்பர். நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

பயன் உண்டா? பொட்டுப் பகுதி வலிப்புள்ள 80 பேரிடம் கனடாவில் நடந்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில், அறுவைக்கு அனுப்பப்பட்டோரில் நூற்றுக்கு 58 பேர் நினைவிழக்கும் வலிப்பினின்று விடுபட்டிருந்தனர்; மருந்து மட்டும் பெற்றோரில் 8 பேரே. எல்லாருக்கும் அறுவை ஏற்றதன்று என்பதையும் மறவாதிருப்போம்.

படம் சிலருக்கு அறுவையே வேண்டாம் என்றும் சொல்லும். சி.டி. ஸ்கேனில் தென்படும் தனிச் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்று கருதி வந்த காலம் ஒன்றுண்டு. அவற்றுட் பல நாடாப்புழுவின் இளம்பருவத்தால் வந்தவை என்பதை வேலூர் மருத்துவர்கள் 1980களின் இறுதியில் எடுத்துக்காட்டினர். இக்கட்டிகளுட் பல தாமாகவே மறைந்துவிடும். மலத்தால் மாசுற்ற நீரும் கழுவாத காய்கறியும் அப்புழுவின் முட்டையைப் பரப்புவதால், தடுக்கும் வழி நம் அடுக்களையிலும் கழிவறையிலும் இருக்கிறது.

ஆயினும் எந்தக் கருவியும் வீட்டார் கண்ட காட்சிக்கு மாற்றாகாது. எங்கே தேடுவது என்று படக்கருவிக்கு வழிகாட்டுவது உங்கள் சாட்சியமே. ஆகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த நாள், எந்நேரம், முதலில் எது அசைந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். இயலுமானால் கைப்பேசியில் படம்பிடியுங்கள். வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தும் வாயில் எதுவும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்திற்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

மாற்கு நற்செய்தியில் வலிப்புற்ற மகனை ஒரு தந்தை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்றே ஆண்டவர் முதலில் அவரிடம் வினவுகிறார். தந்தை எதையும் மறைக்கவில்லை. சிறுவயது தொட்டு நடந்ததைச் சொல்கிறார். மருத்துவர் இன்று கேட்பதும் அதே கேள்விதான்.

அந்த ஓட்டப்பிடாரத்துப் பெண் அடுத்த மாதம் படம் எடுக்கச் செல்கிறாள். அதில் என்ன தென்படும் என்பதை நாம் அறியோம். ஆனால் அவளுடைய தாயார் கையில் இப்போது செபமாலையோடு ஒரு குறிப்பேடும் இருக்கிறது.