பஸ் ரூட்டை மாற்றப் போகிறார்களா? கூட்டத்துக்குப் போங்கள்!

"நம்ம ஊரு பஸ்ஸை நிறுத்தப் போறாங்களாம்!"

இந்தச் செய்தி முதலில் டீக்கடைக்கு வரும். அங்கிருந்து ரேஷன் கடை வரிசைக்குப் போகும். பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் பரவிவிடும். எல்லாருக்கும் கோபம் வரும். மறுநாள் காலையில் கண்டக்டரைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? ரூட்டை முடிவு செய்வது அவர் அல்லவே!

அதே விஷயத்துக்காக ஒரு கூட்டம் போட்டு, "வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் போகிறோம்?

"நமக்கு எதுக்குங்க அந்த வேலை? பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

பெரியவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பஸ்ஸில் போவதில்லை, அவ்வளவுதான்! காரில் போகிறவருக்கு, கடைசி பஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்பது எப்படித் தெரியும்?

படகில் வந்து பஸ் பிடித்தவர்கள்

மேட்டுப்பாளையத்தைப் பாருங்கள். நீலகிரி மலைக்கு வாசற்படி இந்த ஊர். 1899-ல் இங்கிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து ஆசையோடு ஏறுகிறார்கள். ஆனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு ரயிலைவிட பஸ்தான் முக்கியம். சிறுமுகை, தேக்கம்பட்டி, வெள்ளியங்காடு, காரமடை என்று நாலு பக்கத்திலிருந்தும் மண்டிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

சிறுமுகைக்கு அப்பால் லிங்காபுரம் இருக்கிறது. அதற்கும் அப்பால் காந்தவயல். பவானிசாகர் அணையில் தண்ணீர் ஏறிய ஆண்டுகளில், நடுவே இருந்த பாலம் மூழ்கிப் போனது உண்டு. அப்போதெல்லாம் அந்தப் பக்கத்து மக்கள் படகில் ஏறி, இக்கரைக்கு வந்து, பிறகு பஸ் பிடித்தார்கள்.

"காலை பஸ் இனி பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படும்" என்று ஒரு உத்தரவு போட்டால், ஆபீசில் இருப்பவருக்கு அது சின்ன மாறுதல். படகில் வருகிறவருக்கு? கரை சேருவதற்குள் பஸ் போய்விடும். பஸ் போனால் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. அப்பனுக்கு அன்று கூலி இல்லை. இது மேஜை மேல் இருக்கும் வரைபடத்தில் தெரியாது. படகில் வந்தவர் எழுந்து சொன்னால்தான் தெரியும்.

சட்டம் இடம் தருகிறது

"சொன்னால் கேட்பார்களா?" என்று நீங்கள் கேட்கலாம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் பாருங்கள். அரசு பஸ்களுக்காக ஒரு பகுதிக்கோ, ஒரு ரூட்டுக்கோ அரசாங்கம் திட்டம் போட்டால், அதை அரசிதழில் வெளியிட வேண்டும். அந்த வட்டாரத்து மொழியில் வரும் பத்திரிகை ஒன்றிலாவது வெளியிட வேண்டும். அரசிதழில் வந்த 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். எழுதியவர் விரும்பினால் அவரை நேரில் பேசவிட்டு, அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

"யார் வேண்டுமானாலும்" என்பதைக் கவனியுங்கள். பட்டம் வேண்டாம். வக்கீல் வேண்டாம். எழுத்துக்கூட்டி எழுதினாலும் மனு மனுதான்.

ஆகையால், பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் அரசு அறிவிப்புகளைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சினிமாச் செய்தியைப் படித்த பிறகு அதையும் ஒரு பார்வை பாருங்கள்!

2024-ல் என்ன நடந்தது? புதிய மினி பஸ் திட்டம் ஒன்றின் வரைவைத் தமிழக அரசு ஜூன் மாதம் வெளியிட்டது. ஜூலையில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மினி பஸ் முதலாளிகள் போனார்கள். போகத்தான் செய்வார்கள். பணம் போட்டவர்கள் அல்லவா? 2025 ஜூன் 16-ல் திட்டம் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்டது. பழைய திட்டத்தில் ஒரு ரூட்டின் நீளம் 20 கிலோமீட்டர். இப்போது 25 கிலோமீட்டர் வரை போகலாம். அதில் பெரும்பகுதி, பஸ்ஸே இல்லாத வழியாக இருக்க வேண்டும் என்பது விதி. பஸ் இல்லாத வழி எது என்பது அங்கே நடந்து போகிறவருக்குத்தானே தெரியும்? அவர் சென்னைக்குப் போகவா முடியும்?

ஊருக்குள்ளேயே ஒரு கூட்டம்

சென்னைக்குப் போக வேண்டாம். கிராம சபைக்குப் போகலாம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஓட்டுரிமை உள்ள எல்லாரும் அதில் உறுப்பினர்கள். மேட்டுப்பாளையம் போன்ற நகராட்சிகளுக்குப் பகுதி சபை என்று 2022-ல் வந்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிராம சபையில் தீர்மானம் போட்டவுடன் பஸ் வந்துவிடாது. போக்குவரத்துக் கழகத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் ஒரு நடையைக் குறைப்பது, நேரத்தை மாற்றுவது போன்ற மாறுதல்கள் பெரும்பாலும் பத்திரிகை அறிவிப்பு இல்லாமலே வந்துவிடும். அப்போது ஊர் கூடிப் போட்ட தீர்மானம் கையில் இருந்தால், அது தனி ஆள் எழுதிய மனுவைப் போல அல்ல. திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளில் அதன் நகலைக் கலெக்டரிடம் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத மனு, ஆற்றில் போட்ட புளி மாதிரி!

கணக்கோடு பேசுங்கள்

கூட்டத்தில் சத்தம் போடுவதால் பயன் இல்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னால், அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று எண்ணுங்கள். எத்தனை மணி பஸ்? எத்தனை பேர் ஏறினார்கள்? எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகள்? எத்தனை பேர் இடம் இல்லாமல் நின்றுவிட்டார்கள்? பள்ளிக்கூடம் போகும் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்தால் அழகாக எழுதிவிடுவாள். அந்த நோட்டோடு போய் நின்று பாருங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பெண்கள் கட்டாயம் பேச வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியிருக்க, கூட்டத்தில் ஆண்கள் முன்வரிசையில் உட்கார, பெண்கள் கதவோரம் நிற்பது என்ன நியாயம்? "நீ சும்மா இரு அம்மிணி" என்று யாராவது சொன்னால், சும்மா இருக்காதீர்கள்.

அடுத்த ஊர்க்காரரையும் நினைக்க வேண்டும். "பஸ் எங்கள் ஊரைச் சுற்றிப் போகட்டும்" என்று நாம் கேட்டால், கடைசி ஊர்க்காரருக்குக் கால் மணி நேரம் கூடும். மில் வேலைக்குப் போகிறவர் ஷிப்டைத் தவறவிடுவார். இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கூட்டத்துக்கு முன்னால் அந்த ஊருக்குப் போய்ப் பேசிவிடுவது நல்லது. அதிகாரி முன்னால் இரண்டு ஊரும் சண்டை போட்டால் இரண்டுக்கும் பஸ் கிடைக்காது.

அமெரிக்காவில் ஒரு கடிதம்

அமெரிக்காவில் மாண்ட்கோமரி என்று ஒரு நகரம். 1955 டிசம்பரில் அங்கே கறுப்பு மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். 381 நாட்கள் பஸ்ஸில் ஏறவில்லை. அது உலகத்துக்குத் தெரியும். அதற்கு முந்திய ஆண்டில் நடந்தது பலருக்குத் தெரியாது.

ஜோ ஆன் ராபின்சன் என்று ஒரு பெண்மணி. கல்லூரி ஆசிரியை. அவருடைய மாதர் சங்கம் நகர அதிகாரிகளைச் சந்தித்துப் பேசியது. 1954 மே மாதம் அவர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? வெள்ளையர் தெருக்களில் நிற்பதுபோல, எங்கள் தெருக்களிலும் எல்லா முனையிலும் பஸ் நிற்க வேண்டும் என்பது! சில பகுதிகளில் முன்னைவிட அதிக முனைகளில் பஸ் நிற்கத் தொடங்கியிருப்பதையும் அவரே அக்கடிதத்தில் எழுதியிருக்கிறார். உட்காரும் இடத்தில் செய்த அநீதி பேச்சினால் தீரவில்லை. அதற்கு 381 நாட்களும், கோர்ட் தீர்ப்பும் தேவைப்பட்டன. ஆனால் பஸ் நிறுத்தம் பேச்சினாலேயே கிடைத்தது.

கூட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஜனங்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. வேலை நாளில், பகல் பதினோரு மணிக்கு, கோவையில் கூட்டம் வைத்தால் லிங்காபுரத்துக் கூலிக்காரர் எப்படி வருவார்? ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி வந்து, "பஸ் வேண்டும்" என்று சொல்லச் சொல்கிறோமா? கூட்டத்தை அந்தந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமையோ, வேலை முடிந்த சாயங்காலமோ வையுங்கள். எந்த ரூட்டில் என்ன மாறுகிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி நிறுத்தத்திலும் பஸ்ஸுக்கு உள்ளேயும் ஒட்டுங்கள்.

கூட்டத்தைக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். வந்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.