கோழியைத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள்

காலையில் பஞ்சாரத்தைத் தூக்குகிறோம். மற்றவை ஓடிவிட, ஒரு கோழி மட்டும் சிறகைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுகிறது. கழுத்தடியில் பை உப்பியிருக்கிறது. அழகர்கோவில் பக்கத்து ஊர்களில் உடனே ஒரு யோசனை வரும்: “செரிக்கலை. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டுப் பிதுக்கு. கக்கிட்டாச் சரியாப்போகும்.” தலைமுறை தலைமுறையாக நாம் நம்பிவரும் இந்த வைத்தியம் கோழியைக் கொல்கிறது.

இரைப்பை என்று நாம் சொல்வது வயிறு அல்ல. தொண்டைக்குழாய் நெஞ்சுக்கு மேலே, சற்று வலப்பக்கமாகப் புடைத்த தீனிப்பை அது. செரிமான நீர் அங்கே சுரப்பதில்லை. குருணையும் கம்பும் அதில் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அரைப்பது அதற்கும் கீழே உள்ள அரைவைப்பை; கோழி பொறுக்கி விழுங்கும் சிறுகற்களே அதற்குப் பல். ஆகவே அடையும் நேரத்தில் பை நிறைந்திருப்பது நல்ல மேய்ச்சலின் அடையாளம். விடியும்போதும் அது வற்றாமல் இருந்தால்தான் கோளாறு.

கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. நமக்கு இருப்பதுபோல் குரல்வளை மூடி அதற்குக் கிடையாது. தலைகீழாகப் பிதுக்கும்போது பையிலிருக்கும் புளித்த நீர் நேரே மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். கோழி கையிலேயே துடித்து அடங்கும். “நோய் முத்திப்போச்சு” என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கோழி மூச்சடைத்துச் செத்தது, அடைத்தவர்கள் நாம்.

“எங்க அப்பத்தா இப்படித்தான் பிழைக்க வச்சாங்க” என்பார்கள். பிழைத்த கோழியை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. செத்ததைக் குழியில் போட்டு மறந்துவிடுகிறோம். சும்மா விட்டிருந்தாலே தானாகத் தேறியிருக்கக்கூடிய கோழிகளும் இந்த வைத்தியத்தின் கணக்கில் வரவாகின்றன.

இன்னொரு கேடும் உண்டு. காலைப் பிடித்துத் தூக்கியதுமே அலகிலிருந்து புளித்த நீர் ஒழுகினால், “கெட்ட தண்ணி வெளியேறுது” என்று மகிழ்கிறோம். வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்கும் அப்படித்தான் ஒழுகும். 1920-களின் இறுதியில் இமயமலை ஊரான ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிகேத் நோய் என்றும் பெயர் பெற்ற வைரஸ் நோய் அது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சிழுப்பு, கழுத்துத் திருகல் என்று அது வளரும். வந்தபின் அதைத் தீர்க்க மருந்து இல்லை. செரிமானக் கோளாறு என்று நாம் மிளகும் பூண்டும் அரைத்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்துப் பஞ்சாரத்துக்கும் போய்விடும்.

பிதுக்குவதற்கு முன், விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தால் அடைப்பு: நீளப் புல், வைக்கோல், கயிற்றுப் பிசிறு, கோயிலுக்குப் போய்வந்த மாலையின் நார் என்று ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கிறது. கோழியை நிமிர்த்தி வைத்தபடியே, அலகின் ஓரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தானாக விழுங்க விடுங்கள். பிறகு பையை மென்மையாக நீவுங்கள். ஒருநாள் தீனியை நிறுத்திச் சுத்தமான தண்ணீர் மட்டும் வையுங்கள். இளகவில்லையென்றால் கால்நடை மருத்துவர் பையைக் கீறிச் சுத்தம்செய்து தைத்துவிடுவார். வீட்டுப் பிளேடு அந்த வேலைக்கு ஆகாது.

தண்ணீர்ப் பை போலத் தளும்பி, வாய் புளித்து நாறினால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கலாம். அதை நீவவே கூடாது. மருந்துக்கடை மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் இங்கேதான் மிகவும் ஆபத்து. நுண்ணுயிர்க்கொல்லி பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதைக் கட்டுக்குள் வைக்கும் நல்ல கிருமிகளைத்தான் அழிக்கும். எந்தப் பையானாலும் கூடவே கழிச்சலோ மூச்சிழுப்போ இருந்தால், அந்தக் கோழியைத் தனியே அடைத்துவிட்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடாதீர்கள். அது அடுத்த ஊருக்கு நோயை விற்பதாகும்.

வரும்முன் காப்பது இதைவிட எளிது. புளித்த சோற்றைக் கொட்டாதீர்கள். கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். முற்றத்துக் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்குங்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் தடுப்பூசியும் தவறக் கூடாது. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள்.

நம் அப்பத்தாக்களிடம் கற்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. கோழியைத் திறந்துவிடும் முன் இன்றைக்கு முட்டையிடுமா என்று விரலால் தடவிப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம். அதே கை ஒருமுறை கழுத்தடியையும் தொடட்டும். பை வற்றியிருந்தால் விடுங்கள். வற்றாவிட்டால் அன்றே கவனியுங்கள். கோழியை நிமிர்த்திப் பிடித்தபடியே.