கிளார்க் கீ: வேஷம் கலையும், பாட்டு நிற்கும்

உட்காரச் சக்கர நாற்காலி. தலைக்கு மேலே ஆபரேஷன் தியேட்டர் விளக்கு. காக்டெய்ல் வருவது கோப்பையில் அல்ல, குளுக்கோஸ் ஏற்றும் பையில்! சிங்கப்பூரின் கிளார்க் கீயில், 2000-களின் பின்பாதியில், "க்ளினிக்" என்ற பெயரில் இப்படி ஒரு மதுக்கூடம் உண்மையிலேயே நடந்தது. இன்று அது இல்லை.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சரக்குப் படகுகள் வந்து நின்ற இடம் அது. செட்டியார் பாஷையில் சொன்னால் கிட்டங்கிகள் வரிசை. 1977-ல் தொடங்கிய ஆற்றுச் சுத்தம் 1987-ல் முடிந்தது, படகுகளும் போய்விட்டன. 1993-ல் கிட்டங்கிகள் உணவகங்களாகவும் கடைகளாகவும் திறந்தன. 2006-ல் தெருக்களுக்கு மேல் பெரிய குடைக்கூரைகள் வந்தன. மழை கொட்டினாலும் கூட்டம் கலையாது.

ஆனால் கடைகள் கலைந்துகொண்டே இருந்தன. பாரிஸின் புகழ்பெற்ற கிரேஸி ஹார்ஸ் நடனக்குழு 2005 டிசம்பரில் ஆர்ப்பாட்டமாக வந்து, 2007-ன் தொடக்கத்திலேயே மூட்டை கட்டியது. அதே டிசம்பரில் வந்த லண்டன் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் 2008-ல் மூடப்பட்டது.

பெயருக்கும் காசுக்கும் குறைவில்லை. பிறகு ஏன்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு விடை எளிது. அலங்காரத்துக்கான செலவு மொத்தமும் திறப்பு விழாவுக்கு முன்பே போய்விடும். வருகிறவரோ ஒரு முறை பார்த்து, போட்டோ எடுத்து, நண்பர்களிடம் காட்டிவிடுவார். இரண்டாம் முறை அதே சக்கர நாற்காலியில் உட்கார யார் வருவார்? சுற்றுலாப் பயணி திரும்ப வருவதே அரிது. உள்ளூர்க்காரருக்கோ ஒரே மாதத்தில் அலுத்துவிடும். மேடையில் பாடும் குழு அப்படியல்ல. நேற்றைய பாட்டு இன்று வேறு மாதிரி விழும். கூட்டம் மாறினால் பாட்டும் மாறும்.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. கிளார்க் கீயை ஒட்டிய ரீட் பாலத்தில், அந்தக் காலத்தில் மாலை நேரத்தில் தியோச்சியூ கதைசொல்லிகள் கதை சொல்வார்கள். வேலை முடிந்த படகோட்டிகளும் கூலிகளும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கூரை இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு மனிதக் குரல் மட்டும்தான். அதற்காகவே கூட்டம் வந்தது.

வேதனை என்னவென்றால், அந்தக் குரலுக்குத்தான் மதிப்புக் குறைவு. கொரோனா காலத்தில் சிங்கப்பூர் உணவகங்களில் 2020 ஜூனிலேயே மேசைகள் திறந்தன. நேரடி இசைக்கு 2022 வரை அனுமதி இல்லை. நோய்க்குப் பயந்த விதி, சரி. ஆனால் இரண்டு வருடம் மேடையில்லாத கிடார்க்காரர் எதை வைத்து வீட்டு வாடகை கட்டியிருப்பார்? விதி போன பிறகும், செலவைக் குறைக்க நினைக்கிற முதலாளிக்கு எளிதாகக் கைவைக்கக் கிடைப்பது பாடகரின் சம்பளம்தான். சுவரில் ஒட்டிய அலங்காரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதே!

கிளார்க் கீயை 2024-ல் பகலிலும் ஆட்கள் வரும் இடமாகப் புதுப்பித்தார்கள். நல்லதே. அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை, ஒரு நல்ல இசைக்குழுவுக்கு ஒரு வருட ஒப்பந்தமாகக் கொடுத்துப் பார்க்கட்டும். அங்கே போகிறவர்களும் சுவரைப் படம் பிடித்து முடித்ததும் மேடைப் பக்கம் திரும்பி, பாட்டு முடியும்போது ஒரு கைதட்டலாவது கொடுக்கலாம். அதற்குக் காசு இல்லை!