போதும் என்பதும் போதாது என்பதும்

மனித மனம் விந்தையானது. இல்லாதபோது ஏங்குகிறது; கிடைத்தபின் சலிப்படைகிறது. மிதிவண்டி வேண்டும் என்று அழுது அடம்பிடித்த சிறுவன், அது கிடைத்த சில நாள்களிலேயே அண்டை வீட்டுப் பையனின் புதிய மிதிவண்டியைக் கண்டு பெருமூச்சு விடுகிறான். இக்குணம் சிறுவருக்கு மட்டும் உரியதன்று, பெரியோரிடத்தும் உண்டு. ஆகவேதான், போதும் என்னும் மனநிறைவைப் பெருஞ்செல்வம் என ஆன்றோர் போற்றினர்.

ஆயினும், இதனைத் தவறாகப் பொருள் கொள்வாரும் உளர். 'நமக்கு விதித்தது இவ்வளவே' என்று கைகட்டிக் கிடப்பது மனநிறைவு ஆகாது, அது சோர்வு. மனநிறைவு வேறு, சோர்வு வேறு என்பதை நம் முன்னோரின் வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது.

1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெள்ளையர் பலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையை இழந்தனர். வேலையோடு குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தனர். அவ்வேளையில், அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்றார். ஆளுக்குப் பத்து வெள்ளி தாருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது.

பத்து வெள்ளி என்பது அன்று பால் வெட்டிப் பிழைத்தோருக்குச் சிறு தொகையன்று. உணவிலும் உடையிலும் 'போதும்' என்று வாழப் பழகியிருந்தமையால்தான் அவர்களால் அதனைக் கொடுக்க முடிந்தது. அதே வேளையில், கூலியாகவே இருந்துவிட்டால் 'போதாது' என்றும் அவர்கள் எண்ணினர். ஆசையில் அடக்கம், முயற்சியில் உறுதி. இவ்விரண்டும் ஓரிடத்தில் சேர்ந்ததன் பயனே அந்த வெற்றி எனலாம்.

அவர்கள் சீவிய பால்மரமே இப்பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தது போலும்! அம்மரத்தின் பட்டையை மெல்லச் சீவினால் பால் வடியும்; சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதிய பட்டை வளரும். ஆனால் உளி ஆழமாக இறங்கி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மனிதனும் அத்தகையவனே. துன்பம் மேற்பட்டையைச் சீவலாம். உள்ளிருக்கும் நம்பிக்கையைத் தொட விடலாகாது. பிறர் மனத்தை ஆழமாகக் கீறும் சொல்லை நாமும் சொல்லலாகாது.

மாணவச் செல்வங்களே! இன்று நம்மில் பலர் தோட்டங்களை விட்டுப் பட்டணங்களில் வாழ்கின்றோம். நம் வீடுகளில் பொருள்கள் பெருகியுள்ளன, மனநிறைவும் பெருகியுள்ளதா? தோழனிடம் உள்ள பொருள் நம்மிடம் இல்லையே என்று வருந்துகிறோம். தேர்வில் ஒருமுறை மதிப்பெண் குறைந்தால், நமக்குப் படிப்பு வராது என்று துவண்டுவிடுகிறோம். போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் போதாது என்கிறோம். போதாது என்று முயல வேண்டிய இடத்தில் போதும் என்று நின்றுவிடுகிறோம்.

இவ்விரு சொற்களையும் அதனதன் இடத்தில் வைக்கக் கற்போம். பெறுவதில் நிறைவும், முயல்வதில் தளராமையும் கொண்டு வாழ்வோமாக!