எது முந்துகிறதோ அது

கார்க் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் ஒரு தொடர் இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதங்கள், இவற்றுள் எது முந்துகிறதோ அது. அத்தொடரின் முதற்பாதியை மட்டுமே நம்மில் பெரும்பாலோர் படிக்கிறோம். பழைய ஆல்ட்டோவோ மாருதி 800-ஓ வைத்திருக்கும் ஆய்வாளர்களிடம் சர்வீஸ் பற்றிக் கேட்டால், "இன்னும் அவ்வளவு ஓடவில்லையே" என்பதே விடை. வாடகை வீட்டிலிருந்து காரியவட்டம் வளாகம், எப்போதாவது கழக்கூட்டம் கடைத்தெரு என்று சென்றுவரும் வண்டி எவ்வளவுதான் ஓடும்?

ஆனால் குறைவாக ஓடும் வண்டியில் மாதங்களே முந்துகின்றன. இரண்டு மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும் பயணத்தில் எஞ்சின் முழுச்சூட்டை எட்டுவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கிறது. ஸ்டார்ட் செய்வதில் இழந்த மின்னாற்றலைப் பேட்டரி மீட்பதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. இவையாவது காலையில் முரண்டு பிடித்துத் தம்மை அறிவித்துக்கொள்ளும். அறிவிக்காமல் கெடுவது பிரேக் ஆயில்.

பெயரே இங்கு வழிதவறச் செய்கிறது. ஆயில் என்றதும் நீரோடு ஒட்டாத ஒன்றை மனம் கருதிக்கொள்கிறது. நம் கார்களில் உள்ளதோ கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் உறிஞ்சக்கூடியது. டாட் 3 தரத்தில், புதிய திரவத்தின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு அதே தரம் வைக்கும் கீழ்வரம்பு 140 டிகிரிதான். இரண்டு பருவமழைகளும் கடற்காற்றும் வாய்த்த திருவனந்தபுரத்தில், நிறுத்தி வைத்த வண்டியும் ஈரம் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது. இதற்கு ஓடோமீட்டர் சாட்சியாகாது.

நகர நெரிசலில் இக்குறை புலப்படாது. புலப்படும் இடம் பொன்முடி. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு, 22 கொண்டையூசி வளைவுகள். நால்வர் ஐவராக ஒரு சிறு காரில் ஏறி ஞாயிறன்று செல்வது வளாக வழக்கம். இறங்கும்போது இரண்டாம் கியரில் வராமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சக்கரங்களில் எழும் சூடு திரவத்தை எட்டுகிறது. அதிலுள்ள நீர் கொதித்துக் குமிழியாகிறது. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழியோ சுருங்கிக்கொள்ளும். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. காலையில் ஏறியபோது அதே பிரேக் சரியாக இருந்திருக்கும் என்பதுதான் இதன் கொடுமை.

நம் சட்டமும் இவ்விடத்தில் கண்மூடுகிறது. புகைச் சான்றிதழைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக் காரைப் பதிவு செய்து 15 ஆண்டுகள் முடியும்வரை அதன் பிரேக்கைச் சோதிக்கும் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார் ஆண்டுதோறும் தேர்வுக்குச் செல்கிறது; பிரேக்கும் அத்தேர்வில் அடக்கம். அதைப் போன்ற ஏற்பாடு இங்கும் வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இலஞ்சத்துக்கு இன்னொரு வாசலாகும் என்ற எதிர்ப்பு எழும். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் சோதனையே இல்லாத நிலையை அது நியாயப்படுத்திவிடாது.

சட்டம் வரும்வரை பொறுப்பு நம்முடையது. வண்டியை சர்வீஸுக்கு 'விடுகிறோம்' என்கிறது தமிழ்; மலையாள நண்பர்கள் 'கொடுத்து' என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் சாவியோடு கவனத்தையும் கைமாற்றிவிடும் மனநிலைதான் இரண்டிலும். பட்டறையில் பெரும்பாலும் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புவார்கள், கேட்டால்தான் மாற்றுவார்கள். ஆகவே கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கையேடு அதைவிடக் குறைந்த காலம் சொன்னால் அதன்படி. பழைய கார் வாங்குவோர் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. அதிகச் செலவில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் ஒவ்வொரு சக்கரமாகத் திறந்து வடிப்பார். அருகில் நின்று பாருங்கள்: வெளியேறும் பழைய திரவம் கட்டன் சாயாவின் நிறத்தில் இருக்கும், புதியது வெளிர்மஞ்சள்.